குழாய் வெடித்தால் எந்த வால்வை மூடுவது?

நமது இதழில் கதையும் கவிதையும் கோயில் வரலாறும் நிறையவே வருகின்றன. இம்முறை சற்று ஈரமான ஒரு விஷயத்தை எழுத முன்வந்திருக்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. சேலத்தில் சிவில் டிப்ளமா முடித்து, 1984ல் ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் சேர்ந்தவன் நான். தண்டவாளம் பார்ப்பவர்கள் வேறு. எங்கள் பிரிவுக்குக் கட்டடம், குடியிருப்பு, கழிவுநீர், குடிநீர் இவைதாம் வேலை. ஓய்வு பெறும்வரை நான் கேட்ட புகார்களில் பாதிக்கு மேல் தண்ணீர் வரவில்லை என்பதாகவோ, தண்ணீர் நிற்கவில்லை என்பதாகவோதான் இருக்கும். இரண்டாவது புகார்தான் ஆபத்தானது. முதலாவதற்கு ஒரு குடம் கடன் வாங்கிச் சமாளிக்கலாம்.

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு மாற்றம் நடந்திருப்பதை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். வேலைக்காக வந்து, மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டார்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் பதித்த குழாய்களோடு, எழுபதைத் தாண்டிய இருவர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். குழாய்க்கும் வயதாகிவிட்டது, வீட்டுக்காரருக்கும் வயதாகிவிட்டது. ஆகவேதான் இந்தப் பாடம்.

முதலில் நம் ஊர்த் தண்ணீர் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். இது தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது.

மைசூருக்குக் குடிநீர் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் வருகிறது. பெளகொளா, ஹொங்கள்ளி, மேளாபுரா ஆகிய இடங்களிலிருந்து காவிரி நீரும், பிதரகூடிலிருந்து கபினி நீரும் பம்ப் செய்யப்படுகின்றன. நகருக்குள் விநியோகம் செய்யும் வாணி விலாஸ் நீர்வழங்கல் பிரிவுக்குப் பெயர் தந்தவர் யார் என்று இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1895 முதல் 1902 வரை, மகன் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சிறுவராக இருந்தபோது ஆட்சியை நடத்திய மகாராணி கெம்பநஞ்சம்மணி அவர்கள்தாம் 'வாணி விலாஸ சன்னிதானம்' என்று அழைக்கப்பட்டவர். அதற்கு முன் குக்கரஹள்ளி போன்ற ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்த ஊர் இது. ஒரு பெண்மணியின் பெயரில் ஊருக்கே தண்ணீர் வருவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

சரி, வீட்டுக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு விடுவார்கள். அதனால் தெருக் குழாயிலிருந்து வரும் நீர் மீட்டரைத் தாண்டி, வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குப் போகிறது. சம்ப்பிலிருந்து மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்தான் குளியலறை, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் போகிறது. சமையலறையிலோ வாசலிலோ ஒரே ஒரு குழாய் மட்டும் நேரடியாகத் தெருத் தண்ணீரில் இருக்கும்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர்கள் உண்டு. ஒன்று தெருத் தண்ணீர், மற்றொன்று தொட்டித் தண்ணீர். இரண்டுக்கும் வால்வு வேறு வேறு. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இக்கட்டுரையின் முக்கால் பங்கைப் படித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குவெம்புநகர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மனைவிக்கு எழுபத்திரண்டு வயது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவு, ஒன்றரை மணி இருக்கும், அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மாடி பாத்ரூம்ல கெய்சர்கிட்ட பைப் வெடிச்சு தண்ணி கொட்டுது. ரோட்டு வால்வை மூடிட்டேன், இன்னும் நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

எப்படி நிற்கும்? கொட்டுவது தொட்டித் தண்ணீர். தெரு வால்வை மூடினால் சம்ப்புக்கு வரவேண்டிய நீர் நிற்குமே தவிர, மாடியில் இருக்கும் நீர் எப்படி நிற்கும்? "மோட்டார் ஆட்டோவில் இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது. அதாவது தொட்டி குறையக் குறைய, மோட்டார் தானாகவே ஓடிச் சம்ப்பிலிருந்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தது. ஆயிரம் லிட்டரோடு முடியவேண்டிய வெள்ளம், சம்ப் காலியாகும்வரை நடந்திருக்கும். மோட்டார் சுவிட்ச் போர்டிகோவில் உலர்ந்த இடத்தில் இருந்ததால் அதை முதலில் அணைக்கச் சொன்னேன்.

அடுத்துக் கேட்டது, "மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணீங்களா அம்மா?" "பண்ணிட்டேன் தம்பி, ஆனா ஹால்ல லைட் எரியுதே" என்றார். இன்வெர்ட்டர்! மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், அதே சுவரில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எதையும் தொடாமல் செருப்புப் போட்டுக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "அவர் வர முடியாது தம்பி" என்றார் அந்த அம்மாள். மொட்டை மாடி வால்வை மூடுவதற்காக ஏறிப்போனவர் ஈரப்படியில் வழுக்கி விழுந்து, கூடத்து நாற்காலி வரை தவழ்ந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

நானும் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார இளைஞரும் போய்ச் சேர்ந்தோம். பெரியவரை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். பிறகு இளைஞர் டார்ச்சுடன் மாடிக்கு ஏறிப் போய்க் கேட் வால்வைத் திருகினார். சக்கரம் சுழன்றது, தண்ணீர் நிற்கவில்லை. பல ஆண்டுகள் யாரும் தொடாத வால்வு. உள்ளே தகடு கழன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் பின்புறத் துணி துவைக்கும் கல் குழாயையும் தோட்டக் குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டோம். கீழே வழி கிடைத்ததும் மாடியில் கொட்டுவது பாதிக்குக் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டியும் காலியாயிற்று.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை, பல மாதப் படுக்கை, இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வெடித்ததோ ஒரு முழங்கை இணைப்பு. கடையில் கேட்டால் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் கிடைக்கும்.

எனவே வெடித்தபின் செய்ய வேண்டியவற்றை இந்த வரிசையில் நினைவில் வையுங்கள். தண்ணீரைத் துடைப்பது, சாமான்களை நகர்த்துவது எல்லாம் கடைசி. மோட்டாரையும் கெய்சரையும் மெயினையும் அணைப்பது முதல். சுவிட்ச் பலகையின் மேல் தண்ணீர் வழிந்தாலோ, அதன் முன்னால் தரையில் நீர் தேங்கியிருந்தாலோ அங்கே போகவே கூடாது. வெளியே வந்து 1912 என்ற மின்சாரப் புகார் எண்ணுக்கு அழைத்துக் கம்பத்தில் இணைப்பை நிறுத்தச் சொல்லவேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தாலும் வீட்டுக்குள் மின்சாரம் உண்டு என்பதை மறக்காதீர்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டு தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம், 30 மில்லி ஆம்பியர் அளவில், இன்று எல்லா மின்சாமான் கடையிலும் கிடைக்கிறது. பழைய வீடுகளில் அது இல்லை. குழாயைப் பற்றிய கட்டுரையில் மின்சாரத்துக்கு இவ்வளவு இடமா என்று கேட்கலாம். குழாய் வெடிப்பதால் நனைந்து செத்தவர் கிடையாது. நனைந்த பலகையைத் தொட்டுச் செத்தவர்கள் உண்டு.

மின்சாரம் நின்றபின் வால்வு. கொட்டுவது எந்தத் தண்ணீர் என்று தெரியாவிட்டால் இரண்டையும் மூடிவிடுங்கள், நஷ்டமில்லை. மொட்டை மாடிக்கு இரவில் முதியவர்கள் ஏறவேண்டாம். அதற்குப் பதிலாக, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய்களைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் எளிய வழியைத்தான் தேடும். முடிந்தால் வாளி, அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். மறுநாள் முழுதும் அதுதான் உங்களுக்குத் தண்ணீர்.

கெய்சரை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்பதற்கும் ஒரு வார்த்தை. கெய்சருக்குக் குளிர்ந்த நீர் அடியில் நுழைகிறது, வெந்நீர் மேலிருந்து வெளியேறுகிறது. சாதாரணமாகக் குழாயில் நீர் நின்றாலும் கெய்சர் நிறைந்தே இருக்கும். ஆனால் குளிர்நீர்க் குழாயே உடைந்து, திரும்ப விடாத வால்வும் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் நீர் வந்த வழியே திரும்பி ஒழுகிவிடக்கூடும். வெற்றுத் தொட்டியில் ஹீட்டர் கம்பி எரிந்தால் அது கருகிப்போவது நிச்சயம்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்?

அவசரமில்லை, விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் படுத்துவிடுவார்கள். அவர்களுக்காகச் சிறிய கணக்கு. தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. தொட்டி பெரியதா சிறியதா என்பது பொருட்டே அல்ல. கிருஷ்ணராஜ சாகரில் 124.80 அடி நீர் நிற்கும்போது, அந்த அளவுகோலின் அடிமட்டத்தில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.8 கிலோ. அதே உயரத்துக்கு ஒரு ஒற்றைக் குழாயில் நீர் நிறுத்தினாலும் அதே 3.8 கிலோதான். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

மாடி வீட்டில் தொட்டிக்கும் தரைத்தளக் குழாய்க்கும் ஆறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஓட்டையிலிருந்து பீறிடும் நீரின் வேகம் விநாடிக்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை, அதாவது ஒரு மிளகை விடச் சிறியது, நாள் ஒன்றுக்கு 4000 லிட்டர் அளவில் கொட்டும். அரை அங்குலக் குழாய் முழுதாகப் பிளந்தால், உள்ளே ஏற்படும் உராய்வைக் கழித்தாலும் 1000 லிட்டர்த் தொட்டி அரைமணி சுமாரில் காலி. அத்தனையும் உங்கள் கட்டில், பீரோ, சுவர், அஸ்திவாரம் இவற்றின் வழியாகத்தான் போகும்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் பழைய வீடுகளில் இருப்பது கேட் வால்வு. பித்தளை உடல், மேலே சிறு சக்கரம். உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கும். பல சுற்றுச் சுற்றினால்தான் மூடும். இதன் நோய் என்னவென்றால், தொடாமலே விட்டுவிட்டால் உப்பும் பாசியும் படிந்து இறுகிவிடும். குவெம்புநகர் வீட்டில் நடந்தது அதுதான். அடுத்த முறை இதைத் திருகும்போது வலுக்கட்டாயம் செய்தால் தண்டு முறிந்து, வால்வே ஒழுகத் தொடங்கும்.

மருந்து எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடி, முழுக்கத் திறந்து, பிறகு கால் சுற்று திருப்பி வைத்துவிடுங்கள். கடைசிவரை இறுக்கித் திறந்து வைத்தால் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். ரயில்வே காலனிகளில் ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதி, ஃபிட்டர் முறைப்படி திருகிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். வேலை செய்யும் வால்வை எதற்கு சார் திருகச் சொல்கிறீர்கள் என்று புது ஆட்கள் கேட்பார்கள்.

புது வீடுகளில் பால் வால்வு வந்துவிட்டது. உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை, வெளியே ஒரு கைப்பிடி. கால் சுற்றில் மூடிவிடும். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். இருட்டில் தடவினாலும் தெரியும். பழைய வால்வை மாற்றுவதாக இருந்தால் இதையே போடுங்கள். கடையில் 'பால்' என்று மட்டும் சொன்னால் தொட்டிக்குள் மிதக்கும் பந்து வால்வை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். கைப்பிடி வைத்தது என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கழிப்பறைகளுக்குத் தனி, சமையலறைக்குத் தனி, சோலாருக்குத் தனி என்று மூன்று நான்கு இறங்கும். எது எங்கே போகிறது என்று கட்டியவருக்கே இப்போது நினைவிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் ஒருவர் மாடியில் ஒவ்வொரு வால்வாக மூட, மற்றொருவர் கீழே எந்தக் குழாயில் நீர் நின்றது என்று குரல் கொடுத்தால் அரைமணியில் தெரிந்துவிடும். பெயின்டால் வால்வின் அருகே எழுதிவிடுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவது நல்லது. அவசரத்துக்கு ஓடிவருபவர் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரராகத்தான் இருப்பார்.

முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் நான் ஒரு படி மேலே போவேன். இறங்கு குழாய் வெளிச்சுவரோடு தரைத்தளத்துக்கு வரும் இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு பால் வால்வு வைத்துவிடலாம். கீழ்வீட்டுக் குழாய்களுக்கு இது போதும். மாடிக் குளியலறைக்குத் தனி இறங்கு குழாய் இருந்தால், அதன் வால்வை மொட்டை மாடிக் கதவுக்கு உள்பக்கமே, படிக்கட்டின் கடைசித் தளத்தில் வருமாறு குழாயைத் திருப்பி அமைக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். மழையில் நனைய வேண்டாம், பாசியில் நடக்க வேண்டாம்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் குழாய் வெடிப்பு என்றால் பனி என்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள். தண்ணீர் உறையும்போது கனஅளவில் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அடைபட்ட குழாயில் அதற்கு இடம் ஏது? 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தில் வழக்கமில்லாத குளிர் வந்து, மின்சாரமும் போய், எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன. நம் மைசூரில் மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் போதும், குழாய் உறையாது. இங்கே வேறு காரணங்கள்.

பழைய வீடுகளில் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்தபின் துரு உள்ளிருந்து தின்னும். மரை போட்ட இடத்தில் குழாயின் கனம் ஏற்கெனவே பாதிதான். ஆகவே இணைப்புகளில்தான் முதலில் போகும். காலையில் முதலில் வரும் நீர் பழுப்பாக இருந்தால் அது எச்சரிக்கைக் கடிதம் என்று கொள்ளுங்கள். ஜி.ஐ. குழாயில் மஞ்சள் பட்டை மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. செலவைக் குறைக்க மஞ்சள் போட்டிருந்தால் இத்தனை காலம் ஓடியதே பெரிய காரியம்.

பி.வி.சி. குழாய்க்குத் துரு இல்லை, ஆனால் வெயில் ஆகாது. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் குழாய் சில வருடங்களில் வெளிறி, அப்பளம் போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். ஒரு பந்து பட்டாலும் உடையும். வெளியில் ஓடும் குழாய்க்குப் பெயின்ட் அடித்து வையுங்கள். பி.வி.சி.யின் இன்னொரு எதிரி வெந்நீர். அறுபது டிகிரிக்கு அருகில் அது இளகி வளையும். கெய்சரிலிருந்தும் சோலாரிலிருந்தும் வரும் நீருக்குப் பழுப்பு வெள்ளை நிறத்தில் வரும் சி.பி.வி.சி. குழாயைத்தான் போடவேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு சோலார் இருக்கிறது. நல்ல கோடை மதியத்தில் அந்த நீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். சிக்கனத்துக்காக அங்கே இரண்டு அடி பி.வி.சி.யை ஒட்டுப் போட்டுவிட்டுப் போகும் பிளம்பர்கள் உண்டு.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது, நீர் அடி. குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நீரும் ரயில் வண்டியைப் போலத்தான். எடை உண்டு, வேகம் உண்டு, நினைத்த இடத்தில் நிற்காது. மாஸ்கோ நகரக் குழாய்களில் இதைச் சோதித்து, ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1898 அளவில் கணக்கிட்டுச் சொன்னார். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைக் கணநேரத்தில் நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ அளவுக்கு அழுத்தம் எகிறும். மாடித் தொட்டி தருவது அரைக் கிலோ முக்கால் கிலோ என்று முன்பே பார்த்தோம். பிளாஸ்டிக் குழாயில் இது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தாங்கும் சக்தியும் குறைவு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மீட்டர் கேஜ் பாதையில் நீராவி என்ஜின்கள் ஓடின. ஸ்டேஷனில் யானைத் துதிக்கை போல நிற்கும் வாட்டர் காலத்திலிருந்து என்ஜினுக்கு நீர் விடுவார்கள். நிமிடத்துக்கு நிமிடம் டன் கணக்கில் ஓடும் நீர் அது. அதனால்தான் அதன் வால்வைப் பல சுற்றுச் சுற்றி மெதுவாக மூடும்படி அமைத்திருந்தார்கள். வீட்டிலும் பால் வால்வைக் கால் சுற்றுத்தானே என்று படாரென அடிக்காமல், எண்ணி ஐந்து விநாடியில் மூடுங்கள். நேரடியாகப் பம்ப்பிலிருந்து அழுத்தம் ஏற்றும் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் நீரைத் துண்டிக்கும்போதெல்லாம் குழாய் அதிர்ந்தால், கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சுவரில் படம் மாட்ட ஆணிக்கு டிரில் போட்டுக் குழாயைத் துளைப்பது நான்காவது. அதற்கு விளக்கம் தேவையில்லை. குளியலறையில் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், அவ்வளவுதான்.

விடியும் வரைக்கும், விடிந்த பிறகும்

தற்காலிக ஒட்டு எப்போதும் அழுத்தம் நின்ற பிறகுதான். பீறிடும் நீரின்மேல் எம்-சீலை அப்பினால் கையோடு வந்துவிடும். சிறு கசிவுக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஓட்டையின் மேல் இழுத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் போட்டு முறுக்கினால் ஓரிரண்டு நாள் தாங்கும். கிளாம்ப் இல்லாவிட்டால் கட்டுக்கம்பி. குழாயின் வாயே முறிந்து சுவரில் ஓட்டையாக நிற்கிறது என்றால், விளக்குமாற்றுக் கட்டையின் நுனியைக் கூம்பாகச் சீவி, துணி சுற்றி அடித்து இறக்குங்கள். மரம் ஊறி இறுகிக்கொள்ளும். எந்த ஒட்டும் அடுத்த வாரம்வரை என்று நினைக்கக் கூடாது. பிளம்பர் வரும்வரை மட்டும்.

பிளம்பரைப் பற்றிச் சொல்லும்போது மொழியையும் சொல்லவேண்டும். புதிதாக மைசூர் வந்திருக்கும் நம்மவர்களுக்கு இது உதவும். இங்கே தண்ணீர்க் குழாய் வாயை 'நல்லி' என்பார்கள். நல்லி என்றால் நமக்கு எலும்பு ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்த மருமகள் ஒருத்தி, நல்லி உடைந்துவிட்டது என்று வேலைக்காரி சொன்னதைக் கேட்டு, காலில் அடிபட்டுவிட்டதோ என்று பதறினாளாம். 'கொளாயி' என்றும் சொல்வார்கள், அது நம் குழாயேதான். கசிகிறது என்பதற்கு 'சோர்த்தா இதெ'. தமிழில் கண்ணீர் சோர்ந்தது என்கிறோமே, அந்தச் சோர்தல்தான். 'பைப் ஒடெது ஹோகிதெ, மேலின டேங்க் நீரு நில்லிஸ்பேகு' என்று போனில் சொன்னால், குழாய் உடைந்துவிட்டது, மேல் தொட்டி நீரை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு விளங்கிவிடும். தெருவுக்கு நீர் விடுபவரை வால்வ்மேன் என்றே சொல்வார்கள். மீட்டருக்கு முன்னால், தெருப் பக்கம் உடைந்தால் அதை நாம் தொடக்கூடாது, அவரிடம்தான் சொல்லவேண்டும்.

பிளம்பர் வந்ததும், வெடித்த இடத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போக விடாதீர்கள். துருப்பிடித்த ஜி.ஐ.யில் ஒரு முழங்கையை மாற்ற முறுக்கும்போது, அந்த முறுக்கு அடுத்த இணைப்பில் போய் விரிசல் விடும். நல்ல குழாய் தெரியும்வரை அறுத்து எடுத்துவிட்டு, இடையில் ஒரு யூனியன் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். பிறகு கழற்றுவதும் சுலபம். பிளாஸ்டிக் குழாயானால் ஒட்டும் பசை எது என்று பாருங்கள். பி.வி.சி.க்கு உரியது வேறு, சி.பி.வி.சி.க்கு உரியது வேறு; ஒன்றை மற்றொன்றுக்குத் தடவினால் அன்றைக்கு ஒட்டும், ஆறு மாதத்தில் விடும். ஒட்டியபின் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். 'பத்து நிமிஷ சாகு சார்' என்று பிளம்பர் சொல்வார், அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். டப்பா சொல்வதைக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் இரவு முழுதும் விட்டுவிட்டுக் காலையில் நீர் விடுங்கள்.

நீர் விடும்போதும் ஒரு முறை இருக்கிறது. எல்லாக் குழாய்களையும் மூடி வைத்துக்கொண்டு மேல் வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? அடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் தொட்டி நிறைய நீர் இருந்தும் குளியலறையில் சொட்டுகூட வராது. அதனால் முதலில் கீழ்க் குழாய்களைப் பாதி திறந்து வைத்து, மேல் வால்வை மெல்ல விடுங்கள். கடகடவென்று துப்பிவிட்டு ஒரே சீராக வரத் தொடங்கியதும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரலாம். கெய்சர் வழியாக வெந்நீர்க் குழாயில் நீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அதன் சுவிட்சைப் போடவேண்டும். நனைந்த மின்பலகையை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைத் தொட வேண்டாம்; வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் சுவருக்குள் ஓடும் பைப்பில் நீர் நிற்கும்.

இனி, வெடிக்காமலே உள்ளுக்குள் கசிகிறதா என்று அறிவது எப்படி? தெருத் தண்ணீர்ப் பக்கத்துக்கு மீட்டர் இருக்கிறது. தண்ணீர் விடும் நேரத்தில் சம்ப்புக்குப் போகும் வால்வையும் நேரடிக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் இடையே மண்ணுக்குள் ஒழுகுகிறது. தொட்டித் தண்ணீர்ப் பக்கத்துக்கு மீட்டர் கிடையாது. அதற்கு, படுக்கப் போகுமுன் மோட்டாரை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு நீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல், விடியற்காலை மறுபடி அளந்து பாருங்கள். 1000 லிட்டர் வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் ஒன்பது பத்து லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். மட்டம் குறைந்திருந்தால் சுவரை உடைக்க ஆள் தேடுவதற்கு முன், கழிப்பறை ஃபிளஷ் தொட்டிகளை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அங்கே தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷர்தான் காரணமாக இருக்கும்.